"சிஸ்ரம் விடுதில்லை" என்று சொல்வதற்கு முன்

ஒஸ்லோவில் ஒரு சின்னத் தமிழ்க் கடையோ சாப்பாட்டுக் கடையோ நடத்துபவர் ஒரு நாளில் எத்தனை கணினி முறைமைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். காசு இயந்திரம், வங்கி அட்டை வாசிக்கும் கருவி, விப்ஸ், மொத்த வியாபாரியிடம் சாமான் ஓடர் பண்ணும் தளம், வேலையாட்களின் நேரம் பதியும் செயலி, கணக்கு மென்பொருள், அரசாங்கத்துக்கு எல்லாம் அனுப்பும் ஆல்தின், இவற்றில் பலவற்றுக்கும் திறப்பான பாங்க் ஐடி. மொத்தம் எட்டு. மரக்கறி வாங்கி, சோறு சமைத்து, ஆட்களோடு கதைத்து, கடையைக் கூட்டிப் பூட்டுவது எல்லாம் இதற்கு மேலதிகமான வேலை.

நான் ஒரு கணக்கியல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்களில் கொஞ்சப்பேர் எங்கட அப்பா அம்மாவின் வயதுக்காரர். இவர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் இரண்டு வசனங்கள் அடிக்கடி கேட்கும். ஒன்று, "பிள்ளை, இது இப்ப என்ன கேக்குது?" மற்றது, "சிஸ்ரம் விடுதில்லை."

இரண்டிலும் கணினி ஒரு ஆள் போலத்தான் இருக்கிறது. கேள்வி கேட்கும், மறிக்கும், விடாது. ஊரில் கச்சேரிக்குப் போய் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உத்தியோகத்தர் முன்னால் கைகட்டி நின்ற தலைமுறைக்கு இது பழகிய நிலைதான். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் வாயிலும், வேலைத்தலத்தில், இதே வசனம் வருகிறது. "சிஸ்டமெட் தில்லாத்தர் டெ இக்கெ" என்று நோர்வேஜிய மொழியில் சொல்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொத்துரொட்டிக்கு இரண்டு வரி

இந்த முறைமைகள் ஏன் இவ்வளவு சிக்கலாக இருக்கின்றன என்பதற்கு ஒரு கொத்துரொட்டியே போதுமான உதாரணம். நோர்வேயில் சாப்பாட்டுச் சாமானுக்கான மொம்ஸ், அதாவது பெறுமதி சேர் வரி, 15 வீதம். ஆனால் கடைக்குள் இருந்து சாப்பிட்டால் அது பரிமாறும் சேவை; வரி 25 வீதம். ஒரே தட்டு, ஒரே கை போட்ட கொத்து. ஆள் கதிரையில் இருந்தால் ஒரு கணக்கு, பையில் போட்டுக் கொண்டு போனால் இன்னொரு கணக்கு.

கடைக்காரர் இரண்டுக்கும் 115 குறோணர் என்று ஒரே விலை வைத்திருக்கிறார் என்று எடுங்கள். கொண்டு போகும் கொத்தில் அரசுக்குப் போவது 15 குறோணர். இருந்து சாப்பிட்ட கொத்தில் 23 குறோணர். காசு இயந்திரத்தில் எந்தப் பொத்தான் அமுக்கப்பட்டது என்பதில் எட்டுக் குறோணர் வித்தியாசம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு, வரிசையில் பத்துப்பேர் நிற்கும்போது, உதவிக்கு வந்து நிற்கிற மருமகன் எந்தப் பொத்தானை அமுக்குவான்? பெரிதாக இருக்கிற பொத்தானைத்தான்.

முன்பு என்றால் இதைக் கொப்பியில் வெட்டித் திருத்தலாம். 2015இல் நிறைவேறிய காசு இயந்திரச் சட்டத்தின்படி, 2019 ஜனவரிக்குப் பிறகு பழைய மாதிரி இயந்திரங்களைப் பயன்படுத்த முடியாது. புதிய இயந்திரம் நடந்த எல்லாவற்றையும் உள்ளுக்குள் ஒரு பதிவில் வைத்திருக்கும்; அதை அழிக்க முடியாது. பிழையைத் திருத்தலாம், ஆனால் திருத்தியதும் பதிவாகும். கள்ளக் கணக்கைத் தடுக்க வந்த நல்ல சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது வந்தபின் கடைக்காரரின் மனதில் என்ன நடந்தது என்பதையும் நான் பார்க்கிறேன். தன் கடையின் கணக்கு தனக்கே தெரியாத ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டது.

சிக்கல் எங்கே போனது?

நியாயமாகச் சொன்னால், நோர்வே அரசு இந்த விஷயத்தில் நிறையச் சுலபமாக்கியிருக்கிறது. 2003 இறுதியில் ஆல்தின் வந்தபோது அதன் நோக்கமே வியாபாரிகள் பல திணைக்களங்களுக்குத் தனித்தனியாகப் படிவம் நிரப்பும் வேலையைக் குறைப்பதுதான். 2004இல் பாங்க் ஐடி வந்தது. 2015 ஜனவரியில் ஆ-மெல்டிங் வந்தது: வரித் திணைக்களம், நாவ், புள்ளிவிபரத் திணைக்களம் என்று மூன்று இடங்களுக்கும் தனித்தனியாகப் போன ஐந்து அறிக்கைகள் ஒன்றாகின. மாதச் சம்பளக் கணக்கை அடுத்த மாதம் 5ஆம் திகதிக்குள் அனுப்பினால் போதும்.

ஐந்து ஒன்றானது உண்மை. ஆனால் அந்த ஐந்திலும் இருந்த விதிகள் மறையவில்லை. அவை ஒரே திரைக்குப் பின்னால் போயின. ஒரு வேலையாளின் வேலை வீதத்தையோ சம்பள வகையையோ பிழையாகப் பதிந்தால், அன்று ஒன்றும் நடக்காது. திரையில் பச்சைச் சரி அடையாளம்கூட வரலாம். அந்த வேலையாள் பிறகு வேலை இழந்து நாவிடம் கொடுப்பனவு கேட்டு விண்ணப்பிக்கும்போது, நாவ் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். சமையலறையில் பாத்திரம் கழுவிய ஒரு அக்காவின் கையில் வரவேண்டிய காசு, என்றோ ஒருநாள் யாரோ அமுக்கிய பொத்தானில் தங்கியிருக்கிறது.

பெரிய முறைமைகளும் தடுக்கி விழுகின்றன. 2012 மார்ச்சில் வருமான வரி அறிக்கைகள் வெளியான நாளில், ஆல்தினுக்குள் நுழைந்த பலருக்குத் தங்கள் அறிக்கைக்குப் பதிலாக வேறொரு மனிதரின் விபரங்கள் தெரிந்தன. தளத்தையே நிறுத்தவேண்டி வந்தது. திரையில் வருவது எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அரசாங்கமே உத்தரவாதம் தர முடியாது என்பதை நாடு முழுக்கப் பார்த்த நாள் அது.

பயம், பணிவு, கொப்பி

நான் பார்த்தவரையில் ஆட்கள் இந்த முறைமைகளோடு மூன்று விதமாக நடந்துகொள்கிறார்கள்.

சிலர் பயப்படுகிறார்கள். தொட்டால் ஏதும் நடந்துவிடும் என்று தொடமாட்டார்கள். கடிதம் ஆல்தினில் மாதக்கணக்காகத் திறக்காமல் கிடக்கும். அபராதம் வந்தபிறகுதான் எங்களிடம் வருவார்கள்.

சிலர் பணிந்து போகிறார்கள். கேட்டதெல்லாம் நிரப்பி, "அடுத்தது, அடுத்தது" என்று அமுக்கி, பச்சை அடையாளம் வரும்வரை போவார்கள். என்ன அனுப்பினோம் என்று தெரியாது. போய்விட்டது என்பது மட்டும் தெரியும். படித்த ஆட்களிடம், எங்கட தலைமுறையிடம், இந்தப் பழக்கம்தான் அதிகம்.

மூன்றாவது ஆட்களை எனக்குப் பிடிக்கும். இவர்கள் காசு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருப்பார்கள். அதில் தமிழில் எழுதியிருக்கும்: "இரவு மூட முன் இசட் அறிக்கை எடு." "விப்ஸ் காசு அடுத்த நாள்தான் வங்கிக்கு வரும், பயப்படாதே." "சிவப்பு வந்தால் ஒருக்கா நிப்பாட்டி, திரும்பப் போடு." முறைமையைச் செய்தவனுக்குத் தெரியாத விஷயங்கள் அந்தக் கொப்பியில் இருக்கும். எந்த இடத்தில் அது தடுமாறும், எந்த இடத்தில் மனிதன் தடுமாறுவான் என்ற அனுபவம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கொப்பியை யாரும் வந்து கேட்பதில்லை. வைத்திருப்பவரும் அதை ஒரு கெட்டித்தனமாக நினைப்பதில்லை. "எனக்கு உது விளங்காது பிள்ளை, அதுதான் எழுதி வைச்சிருக்கிறன்" என்று வெட்கத்தோடு சொல்வார்.

அந்தக் கொப்பியை வந்து கேட்டவர்கள் ஒருகாலத்தில் இதே நாட்டில் இருந்தார்கள்.

ஒஸ்லோவில் பிறந்த ஒரு கேள்வி

கிறிஸ்தன் நீகோர்ட் 1926இல் ஒஸ்லோவில் பிறந்தவர். நண்பர் உலே-யூகான் டாலோடு சேர்ந்து, 1960களில், ஒஸ்லோவில் உள்ள நோர்வே கணினி நிலையத்தில் சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கினார். இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்தும் சி பிளஸ் பிளஸ், ஜாவா போன்ற மொழிகளின் அடிப்படைச் சிந்தனை அங்கிருந்துதான் வந்தது. கணினித் துறையின் மிகப் பெரிய கௌரவமான டியூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்கு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. அடுத்த வருடம், 2002 கோடையில், சில வார இடைவெளியில் இருவரும் காலமானார்கள்.

கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இவ்வளவும் தெரிந்திருக்கலாம். பலருக்குத் தெரியாத பகுதி இனித்தான் வருகிறது.

சிமுலா போன்ற மொழிகளால் ஒரு தொழிற்சாலையின் வேலை முழுவதையும் கணினிக்குள் போட்டுப் பார்க்கலாம். யார் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் எடுக்கிறது, எங்கே தாமதம் என்பதெல்லாம் தெரியும். இதை வைத்து முகாமைத்துவம் வேலையைத் திட்டமிடும். அப்படியென்றால் அந்த வேலையைச் செய்கிற ஆட்களின் கதி என்ன என்ற கேள்வி நீகோர்டுக்கு வந்தது. தான் செய்த கருவி ஒரு பக்கத்தின் கையை மட்டும் பலப்படுத்துகிறது என்று கண்டார்.

1970களின் தொடக்கத்தில் அவர் நோர்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து ஒரு ஆய்வுத் திட்டத்தில் இறங்கினார். முதலில் நினைத்தது வழக்கமான மாதிரி: ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது. கொஞ்சக் காலத்தில் அதை மாற்றினார்கள். தொழிலாளர்களும் சங்கமும் தாங்களே எடுக்கும் நடவடிக்கைதான் இந்த ஆய்வின் பெறுபேறு, அறிக்கை இல்லை என்று முடிவு செய்தார்கள். தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் கூடி, தங்கள் இடத்துக்கு வருகிற கணினி முறைமையைப் படித்து, அது தங்கள் வேலையை என்ன செய்யப்போகிறது என்று விவாதித்தார்கள். அவர்களுக்கென்று பாடப்புத்தகமும் எழுதப்பட்டது.

அதன் தொடர்ச்சியாக 1975இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பான எல்ஓவுக்கும் முதலாளிகள் சங்கத்துக்கும் இடையில் நாடு தழுவிய ஒரு தரவு ஒப்பந்தம் வந்தது. புதிய கணினி முறைமை கொண்டுவர முன்பே தொழிலாளருக்கு அறிவிக்க வேண்டும். அதுவும் சிறப்பு அறிவு இல்லாதவருக்கும் விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். இதற்கென்றே ஒரு பிரதிநிதியைத் தொழிலாளர் தெரிவு செய்யலாம்.

சுவீடனில் 1980களில் இதே வழியில் இன்னொரு திட்டம் நடந்தது. பத்திரிகை அச்சுத் தொழிலாளர் தங்களுக்கு வேண்டிய கணினியை முதலில் மட்டையிலும் பலகையிலும் செய்து பார்த்தார்கள். வெறும் மட்டைப் பெட்டியை அச்சு இயந்திரமாக வைத்து, "இது இங்கே இருந்தால் நான் எப்படி வேலை செய்வேன்" என்று நடித்துப் பார்த்தார்கள். நிரல் எழுதத் தெரியாத ஆட்கள் ஒரு முறைமையை வடிவமைப்பதில் பங்கெடுக்கலாம் என்று காட்டிய வேலை அது. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் இதை ஸ்கன்டிநேவிய வழி என்றே படிப்பிக்கிறார்கள்.

சட்டத்தில் இருக்கும் ஒரு வசனம்

இது பழங்கதை என்று விட்டுவிட வேண்டாம். இன்றைய நோர்வேத் தொழிற்சூழல் சட்டத்தின் 4-2ஆம் பிரிவைப் பாருங்கள். வேலையைத் திட்டமிடவும் நடத்தவும் பயன்படும் முறைமைகள் பற்றி வேலையாட்களுக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் தொடர்ந்து தகவல் தரவேண்டும். அவற்றை விளங்கிக்கொள்ளத் தேவையான பயிற்சி தரவேண்டும். அவற்றை வடிவமைப்பதில் வேலையாட்கள் பங்கெடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

சங்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எங்கட அம்மாவுக்கும், துப்புரவு வேலை செய்கிற மாமாவுக்கும், வங்கியில் இருக்கிற எங்களுக்கும் இந்த வசனம் பொருந்தும். வேலை நேர அட்டவணை ஒரு செயலிக்கு மாறி, இரண்டு வேலைக்கு இடையில் பஸ் பிடிக்கவும் நேரம் இல்லாமல் போனால், "சிஸ்ரம் அப்பிடித்தான் போடுது" என்பது பதில் ஆகாது. அதை அப்படிப் போடச் சொன்னது யாரோ ஒரு ஆள்.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும், கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அண்மைய உதாரணம் துரண்ட்கைம் பக்கம் இருக்கிறது. ஹெல்சபிளட்போர்மன் என்ற சுகாதார முறைமை 2022 மே மாதம் துரண்ட்கைம் கொம்யூனிலும், அதே வருடம் நவம்பரில் சென்ட் ஓலாவ்ஸ் மருத்துவமனையிலும் நடைமுறைக்கு வந்தது. எப்பிக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள். நோயாளிகளின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று மருத்துவர்களும் தாதிமாரும் வெளிப்படையாகப் பேசினார்கள். கணினி தெரியாதவர்களின் முறைப்பாடு என்று யாராலும் அதைத் தள்ளிவிட முடியவில்லை. பிறகு தேசியக் கணக்காய்வாளரும் அதைக் கடுமையாக விமர்சித்தார்.

எங்கட ஆட்கள் இப்படிப் பேசுவது குறைவு. 80களில் வந்து பின்மார்க்கில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு வேலை செய்த தலைமுறைக்கு, வேலை போய்விடக் கூடாது என்பதுதான் முதல் நியாயம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயம் எங்களுக்குத் தேவையில்லை. நோர்வேஜிய மொழி எங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. சட்டம் வாசிக்கத் தெரியும். இருந்தும் பணியிடக் கூட்டத்தில் புதிய முறைமையைக் காட்டி "கேள்வி இருக்கா?" என்று கேட்கும்போது நாங்களும் தலையைக் குனிந்து கொண்டு இருக்கிறோம்.

வீட்டில்: யாருடைய பாங்க் ஐடி?

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கொம்யூன் கடிதத்தை அப்பா அம்மாவுக்கு வாசித்து விளங்கப்படுத்தினோம். கடிதம் அவர்கள் கையில் இருந்தது. முடிவு அவர்கள் எடுத்தார்கள். இப்போது பல வீடுகளில் பிள்ளையே அப்பாவின் பாங்க் ஐடியையும் கடவுச்சொல்லையும் வைத்திருந்து எல்லாவற்றையும் செய்து முடிக்கிறது. அப்பாவுக்கு என்ன கையெழுத்தானது என்பதே தெரியாது.

அன்பால் செய்வதுதான். ஆனால் பாங்க் ஐடி என்பது கையெழுத்து. கணவன், மனைவி, பிள்ளை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது வங்கியின் நிபந்தனை. கடன் எடுப்பதும் அதே கையெழுத்தால்தான். குடும்பத்துக்குள் ஒரு பிரச்சினை வந்தால் யார் அமுக்கினார்கள் என்று யாரால் நிரூபிக்க முடியும்?

இதற்கு முறையான வழிகள் இருக்கின்றன. ஆல்தினில் இன்ன வேலைக்கு மட்டும் என்று இன்னொருவருக்கு உரிமை கொடுக்கலாம். கடைக்காரர் கணக்காளருக்கோ மகளுக்கோ அப்படிக் கொடுத்துவிட்டால், அவர் தன் சொந்த பாங்க் ஐடியால் உள்ளே போவார். ஹெல்சநோர்கேயில் பெற்றோர் பிள்ளைக்கு அதிகாரம் கொடுக்கலாம். வங்கிக் கணக்குக்கும் கையாளும் உரிமை கொடுக்கலாம். எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். அரச கடிதங்கள் திரையில் வேண்டாம், தாளில் வேண்டும் என்பவர் அப்படிப் பதிந்துகொள்ளலாம். 2024 ஒக்ரோபர் முதல், ஆட்கள் நின்று விற்கும் கடைகளில் 20,000 குறோணர் வரை காசாகக் கொடுக்கும் உரிமையும் சட்டத்தில் உறுதியாகியிருக்கிறது. "இப்ப காசு எடுக்கமாட்டினம்" என்று அம்மம்மாவைத் திருப்பி அனுப்ப முடியாது.

இந்த உரிமைகளை அமைத்துக் கொடுக்க ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும். தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு மூன்று மணித்தியாலம் தேநீரோடு காத்திருக்கிறோமே, அந்த நேரத்திலேயே ஒரு மேசை போட்டுப் பெரியவர்களுக்குச் செய்து கொடுக்கலாம். அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, அவர்கள் கையாலேயே அமுக்க வைத்து.

பாடசாலையில்: பிள்ளைகளின் விபரம்

பெற்றோராகிய நாங்களும் பயனாளர்கள்தான். பாடசாலையின் செயலியில் பிள்ளையின் வருகை, சுகவீனம், ஆசிரியரோடு பேசியது எல்லாம் இருக்கிறது. ஒஸ்லோவில் பெற்றோருக்கும் பாடசாலைக்கும் இடையில் செய்தி அனுப்பும் ஒரு செயலியில் பாதுகாப்புக் குறைபாடு இருந்ததற்காக, 2019இல் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஒஸ்லோக் கல்வித் திணைக்களத்துக்கு 12 இலட்சம் குறோணர் அபராதம் விதித்தது. பிள்ளைகளின் விபரங்களை உரிமை இல்லாதவர்களும் பார்க்கக்கூடியதாக அது இருந்தது.

ஒவ்வொரு ஆரம்பப் பாடசாலையிலும் பெற்றோர் செயற்குழு இருக்கிறது. விளையாட்டுப் போட்டிக்குக் கேக் கொண்டுபோவதற்கு மட்டும் அல்ல அது. புதிய செயலி வரும்போது அங்கே கேட்கக்கூடிய கேள்விகள் கடினமானவை அல்ல. இதில் என் பிள்ளையைப் பற்றி என்ன பதிகிறீர்கள்? யார் பார்க்கலாம்? பிழையாகப் பதிந்தால் யாரிடம் சொல்லித் திருத்துவது? மொழி தெரியாத, கைப்பேசி பழக்கம் இல்லாத பெற்றோர் என்ன செய்வது?

இதே நான்கு கேள்விகளை வேலைத்தலத்திலும் கேட்கலாம். கடையில் புதுக் காசு இயந்திரம் விற்க வருகிற ஆளிடமும் கேட்கலாம். பதில் விளங்காவிட்டால் "எனக்கு விளங்கவில்லை, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விளங்கும் மொழியில் சொல்லவேண்டியது சொல்பவரின் கடமை என்று இந்த நாட்டில் 1975இலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறைப் பக்கம் இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று உலே-யூகான் டால் இல்லம், மற்றது கிறிஸ்தன் நீகோர்ட் இல்லம். போர்ஸ்க்னிங்ஸ்பார்க்கன் நிலையத்தில் இறங்கி அந்தப் பக்கம் படிக்கப் போகிற தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். நாளைக்கு இந்த முறைமைகளை எழுதப் போகிறவர்களும் அவர்கள்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், நீகோர்ட் யார் என்று ஒருக்காக் கேட்டுப் பாருங்கள். பிறகு தெரிந்த ஒரு தமிழ்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், காசு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கொப்பியைக் காட்டுங்கள்.